அத்தைக்கு ஒரு தனி நம்பர்

என் மனைவியின் பெற்றோர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார்கள். மாமா பட்டாளத்தில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தைக்கும் அவருக்கும் சேர்த்து அந்த வீட்டில் ரொம்ப நாளாக ஒரே ஒரு செல்போன்தான் இருந்தது. யார் கூப்பிட்டாலும் மாமாதான் எடுப்பார். யாரு, என்ன சங்கதி, சாப்பிட்டாச்சா, அங்கே மழை உண்டா என்று தன் விசாரணையை முழுக்க முடித்த பிறகுதான் "இந்தா, ஒனக்குத்தான்" என்று அத்தையிடம் நீட்டுவார். நீட்டிவிட்டு நகரவும் மாட்டார். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். என் மனைவி தன் அம்மாவிடம் இடுப்பு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "வெந்தயத்த ஊறவச்சுக் குடிக்கச் சொல்லு" என்று நடுவில் அவர் குரல் வரும். அதோடு அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் ராஜபாளையத்திலிருந்து அங்கே சாப்பிடப் போயிருந்தோம். ரசம் ஊற்றிக்கொண்டே அத்தை சொன்னார்:

"எனக்கு ஒரு தனி நம்பர் வேணும்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு? இந்தா போன் கெடக்குல்ல."

"அது ஒங்க போன்."

"ஒரு வீட்டுக்கு எதுக்குட்டி ரெண்டு போனு?"

"செருப்பு மட்டும் ஆளுக்கு ஒரு ஜோடி வச்சிருக்கோம்ல?"

என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. மாமா குனிந்து சோற்றைப் பிசைந்தார். அத்தை கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முடிவு செய்துவிட்டுத்தான் சொல்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

காரணம் இதுதான். சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் அத்தை தன் பள்ளிக்கூடத் தோழியைப் பார்த்திருக்கிறார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆன பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. தோழியின் கணவர் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர், அங்கேயே ஒரு வீட்டைக் கட்டிக் குடியிருந்தார்கள். பந்தியில் இலை எடுக்கும்வரை பேசியும் பேச்சு தீரவில்லையாம். நம்பர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தோழி ஆசையாகப் போன் பண்ணினால் மாமா எடுத்து, சிமெண்ட் இப்போது மூட்டை என்ன விலை, சுண்ணாம்புக்கல் இன்னும் வெட்டுகிறார்களா, மானாவாரியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தம்மாவும் மரியாதைக்காகப் பதில் சொல்லிச் சொல்லி, அத்தை கைக்குப் போன் வரும்போது, "சரிட்டி, அடுப்புல பால் கெடக்கு" என்று வைத்துவிடுவார்.

மாமா கெட்டவர் இல்லை. அவருக்கு மனிதர்களிடம் பேசுவதில் அப்படி ஒரு பிரியம், அவ்வளவுதான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "சரி, வாங்கிருவோம். ஆனா வாங்குறதுன்னா தீர விசாரிச்சுத்தான் வாங்கணும்" என்றார். எங்களிடம் பழைய போன் ஒன்று சும்மா கிடந்தது. சிம் மட்டும் வாங்கினால் போதும். அரை மணி நேர வேலை என்று நான் நினைத்தேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைச் சுருட்டும் மெஷின்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. மறுநாள் அந்த இரைச்சலுக்கு நடுவே மாமா கூப்பிட்டார். வெளியே ஓடி வந்து எடுத்தேன்.

"மாப்ள, பிப்ரவரி மாசம் வருசத்துக்கு எத்தன தடவ வரும்?"

"ஒரு தடவைதான் மாமா."

"இவனுகளுக்கு எல்லா மாசமும் பிப்ரவரியா இருக்கே! இருவத்தெட்டு நாளைக்கு ஒருக்கா காசு கட்டணும்ங்கான். அப்ப வருசத்துக்குப் பதிமூணு மாசம் ஆகுதா இல்லையா?"

ஆமாம் என்றேன். நானும் பல வருடங்களாக அப்படித்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன், கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

அதற்கடுத்த நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரீசார்ஜ் பண்ணும் கடை ஒன்றையும் அவர் விடவில்லை. எந்தத் திட்டத்தை எடுத்தாலும் தினமும் ஒன்றரை ஜிபி நெட் சேர்ந்தே வந்தது. "ஒன்றரை ஜிபின்னா எம்புட்டு?" என்று என்னிடம் கேட்டார். எப்படி விளக்குவது என்று தெரியாமல், ஒரு முழுப் படம் பார்க்கலாம் மாமா என்றேன். அத்தைக்குப் பேச மட்டும்தான் வேண்டும். அதனால் ஒரு கடையில் போய், "நெட்டு எங்களுக்கு வேண்டாம். அதக் கழிச்சுட்டு வெலயச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். ஹோட்டலில் அப்பளம் வேண்டாமென்றால் சாப்பாட்டில் காசு குறைப்பீர்களா என்று கேட்பது போலக் கடைக்காரர் திகைத்துப் போய்விட்டாராம். பேச்சுக்கு மட்டும் என்று ஒரு திட்டம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு மூன்று மாதக் காசை மொத்தமாகக் கட்ட வேண்டும். நல்லா இருக்கா இல்லையா என்று பார்க்காமல் மூன்று மாதத்துக்கு எப்படிக் கட்டுவது என்று மாமா அதைத் தள்ளி வைத்தார்.

இதற்குள் எங்கள் குடும்பம் மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டது. நான் ஒரு கம்பெனி சிம், என் மனைவி வேறு கம்பெனி, மாமா இன்னொரு கம்பெனி. அவரவர் கம்பெனிக்கு அவரவர் வக்காலத்து. அந்தக் கம்பெனிகளிடம் ஏதோ சம்பளம் வாங்குகிற மாதிரி, காலையில் காபி குடிக்கும்போதே நானும் மனைவியும் ஆரம்பித்துவிடுவோம்.

"ஒங்க கம்பெனில லைன் போட்டா கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கும்."

"ஒன் கம்பெனி வெலைய ஏத்திக்கிட்டே போறானே, அதச் சொல்ல மாட்டியே."

கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது மூன்றுக்கும் இடையில் மாதத்துக்கு ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கும் அளவுக்குத்தான் வித்தியாசம். மாமாவின் கம்பெனி மலிவு, என்னுடையது நடுவில், மனைவியுடையது கொஞ்சம் கூடுதல். "வடைதான மாமா, போகட்டும்" என்றேன். "ஒரு மாசத்து வடைன்னு பாக்காதீங்க மாப்ள, வருசத்து வடையப் பாருங்க" என்றார்.

அத்தை இத்தனை நாளும் வாயே திறக்கவில்லை. அன்றைக்குத்தான் கேட்டார்: "இதுல ஆலங்குளத்துல எது எடுக்கும்?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதை யாரும் யோசிக்கவில்லை.

"அவ, வந்து நாலு நாள் இருந்துட்டுப் போன்னு கூப்புடுதா. நான் அங்க போயி லைன் கெடைக்கலன்னா இவிய அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்து நிப்பாக" என்று மாமாவைக் கண்ணால் காட்டினார்.

நியாயமான கேள்விதான். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலேயே மூன்று போன்களையும் சோதித்தோம். மாமாவுடையதும் என்னுடையதும் எல்லா இடத்திலும் எடுத்தன. மனைவியுடையது முன் அறையிலும் அடுப்படியிலும் தடுமாறியது, மாடிக்குப் போனால் மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் போனையும் வாங்கிக்கொண்டு, மாமா, அத்தை, நான் மூன்று பேரும் ராஜபாளையத்தில் ஆலங்குளம் பஸ் ஏறினோம். அத்தை புதுச் சேலை கட்டியிருந்தார். பையில் பால்கோவா. பஸ் ஊரைத் தாண்டி மானாவாரிக் காட்டுக்குள் போகப் போக மாமா இரண்டு கையிலும் இரண்டு போனைப் பிடித்துக்கொண்டு சிக்னல் கட்டங்களை எண்ணிக்கொண்டே வந்தார். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

தோழி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். "ஏட்டி, நெசமாவே வந்துட்டியா!" என்று அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்தார். என் அத்தையை ஏட்டி என்று இன்னொரு பெண் அவ்வளவு உரிமையாக அழைத்து அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த ஒரு வார்த்தையில் அத்தைக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். பிறகு இரண்டு பேரும் அடுப்படிக்குள் போனவர்கள் வெளியே வரவே இல்லை.

நானும் மாமாவும் வேலையை ஆரம்பித்தோம். நான் முருங்கை மரத்தடியில் நிற்க, அவர் தெருவில் நின்று கூப்பிடுவார். "ஹலோ, கேக்குதா? கேக்குதான்னு கேட்டேன்!" போனில் கேட்கவில்லை, நேரிலேயே நன்றாகக் கேட்டது. என் கம்பெனி அந்தத் தெருவில் அடியோடு விழுந்துவிட்டது. மாமாவுடையது ரோட்டோரப் பாலத்தின் மேல் நின்றால் மட்டும் எடுத்தது. அந்தப் பாலத்தின் மேல் போனைத் தூக்கிப் பிடித்து, ஒரு பக்கமும் மறு பக்கமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது சைக்கிளில் வந்த ஒரு விவசாயி காலை ஊன்றி நின்றார்.

"என்ன சார், டவர் வைக்கதுக்கு எடம் பாக்க வந்திருக்கீங்களா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கையை நீட்டிக் காட்டினார். "அந்தா தெரியுது பாருங்க, கம்பு வெதச்ச காடு, அது நம்மளுதுதான். ரோட்டோரம். வாடக எம்புட்டுத் தருவீங்க?"

இல்லை என்றோம். அவர் நம்பவில்லை. மாமா விறைப்பாக நிற்கும் தோரணையும் ஒட்ட வெட்டிய தலைமுடியும் பெரிய அதிகாரி போலத் தெரிந்திருக்க வேண்டும். செத்த நேரத்தில் இன்னும் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர் காட்டில் தண்ணி நிற்கும், என் காடுதான் மேடு என்றார் ஒருவர். கடைசியில் மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யா, நாங்க கம்பெனி ஆளு இல்ல. எங்க வீட்டம்மாவுக்கு ஒரு சிம்மு வாங்கணும். இங்க எது எடுக்கும்னு பாக்க வந்தோம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இதுக்கா பஸ் ஏறி வந்தீக?" என்றார் சைக்கிள்காரர். ஆனால் அடுத்த நிமிடமே ஆளாளுக்குத் தங்கள் கம்பெனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மாமாவுக்குச் சொல்லவா வேண்டும்? பாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். மழை, கம்பு, சிமெண்ட் விலை எல்லாம் அங்கே பேசி முடிந்தது.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, உரிக்க வேண்டிய வெங்காயத்தை உரிக்காமல் நடுவில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவியின் போனை அங்கே எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பி நின்றது. அங்கிருந்தே எங்கள் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்து, அவளைக் கூப்பிடச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் போனில் அவள் சிரித்த சிரிப்பு அடுப்படி முழுக்கக் கேட்டது.

மாமாவுக்கு மனம் ஒப்பவில்லை. "இங்க எடுக்குது, சரி. ஆனா நம்ம வீட்ல அடுப்படியில எடுக்கலயே. நாம இருக்கப் போறது அங்கதான?"

"அதனால என்ன?" என்றார் அத்தை. "நான் மாடிக்குப் போயிப் பேசிக்கிடுதேன்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. மாமாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறி வெகு நாளாகிறது. தோழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். "அப்பிடிச் சொல்லு" என்றார்.

அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். ரேகை வைக்கும் மெஷினில் அத்தையின் விரல் முதலில் பதியவில்லை. சேலையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். மூன்று கம்பெனிகளில் கூடுதல் விலையானதைத்தான் வாங்கினோம், மாமாதான் காசைக் கொடுத்தார். லைன் வந்ததும் அத்தை முதலில் யாரைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். ஆலங்குளத்துக்கு என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற மாமாவின் சட்டைப் பை மணியடித்தது. அவர் ரொம்ப முறையாக எடுத்தார்.

"ஹலோ, யாரு பேசுறது?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

"ஒங்க பொண்டாட்டி. சாப்புட்டாச்சா? அங்க மழ உண்டா?"

கடைக்காரர் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது அத்தை சாயங்காலமானால் மாடிக்குப் போகிறார். காயப்போட்ட துணியை எடுக்கப் போகிறேன் என்றுதான் சொல்வார். இருட்டும்வரை அந்தத் துணி மடித்துத் தீராது. மாமாவின் போன் ஆரம்பத்தில் ரொம்பவே ஊமையாகிவிட்டது. வந்துகொண்டிருந்த அழைப்பில் முக்கால்வாசி அத்தைக்கு வந்தவை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கொஞ்ச நாள் வாட்டமாக இருந்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

போன வாரம் என் மனைவி அம்மாவைக் கூப்பிட்டாள். பிஸி. அப்பாவைக் கூப்பிட்டாள். அதுவும் பிஸி. திரும்பத் திரும்ப அடித்தும் இரண்டும் பிஸி. என்னவோ ஏதோ என்று அவள் பதறிக்கொண்டிருக்கும்போது மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார், கையில் முருங்கைக்காய்க் கட்டோடு.

"யாரோட அப்பா இம்புட்டு நேரம் பேச்சு?"

"ஒங்கம்மாகூடத்தான். பஸ் ஸ்டாண்டுல நின்னேன், பஸ் வரல. பேசிக்கிட்டே ஏறுனேன், பேசிக்கிட்டே எறங்கிட்டேன்."

"வீட்ல இருந்து கெளம்புறப்பதான பாத்துட்டு வந்தீங்க. அங்கயே பேசியிருக்கலாம்ல?"

மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

"வீட்ல பேசுனா அவ வேலையப் பாத்துக்கிட்டே ம், ம்ங்கா. போன்லதான் நல்லாப் பேசுதா" என்றார்.