அத்தானின் ஆரல்

வளர்ப்பு மீனைத் திருடிக் குழம்பு வைத்தவன் என்ற பேரோடு நான் இரண்டு தீபாவளியைக் கழித்திருக்கிறேன். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்த்த ஆரல் மீன் அது.

அந்தத் தொட்டியே பழைய தொட்டிதான். ஆயர் ஈத்தாமில் வீட்டைக் காலி செய்த ஒரு சீனப் பெரியவரிடம் தண்ணீர், மணல், மரக்கட்டை, மீன் என்று மொத்தமாக அத்தான் வாங்கி வந்தார். அதோடு வந்ததுதான் இந்த ஆரல். முழங்கை நீளம் இருக்கும். கறுத்த உடம்பில் சிவப்புக் கோடுகள். மணலுக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி அத்தான் விரலிலிருந்து இறாலைப் பிடுங்கித் தின்னும். வேலை விட்டு வந்தால் அக்காவிடம் தேத்தண்ணி கேட்பதற்கு முன்னால் அதனிடம்தான் அவர் சுகம் விசாரிப்பார்.

அவர்கள் இருந்தது தீவில்; நானோ கடலுக்கு இந்தப் பக்கம், கெப்பாலா பத்தாஸ்காரன். எங்கள் பக்கம் வயல் வாய்க்காலில் ஆரல் கிடைக்கும். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு பற்றாது. அதனால் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தொட்டியை எட்டிப் பார்த்து, “சட்டி அடுப்புல வச்சிரலாமா அத்தான்?” என்று கேட்பேன். என் வாய் சும்மா இருக்காது. அத்தானுக்கு முகம் சுண்டிப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாலையோரம் ஒரு மலாய்க்காரர் உயிரோடு வைத்து விற்ற ஆரலை வாங்கி, வீட்டிலேயே சாம்பல் தேய்த்து நறுக்கிக்கொண்டு தீவுக்கு வந்தேன். லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். அக்கா துணிக்கடையில் வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் தொழிற்சாலையில் ஓவர்டைம். கீழ்க்கடையில் சாவியை வாங்கி, நானே சமைத்து வைத்தேன். இரண்டு பேரும் வந்து சாப்பிட்டார்கள். அத்தான் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டு விரலைச் சூப்பினார். பிறகு எழுந்து கைகழுவி, இறாலை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். ஆரல் இல்லை.

குச்சியால் மரக்கட்டையைச் சுற்றி மணலைக் கிளறினார். தொட்டிக்குப் பின்னால் பார்த்தார், நாற்காலிக்கு அடியில் பார்த்தார். அப்புறம் மெல்லத் திரும்பிக் குழம்புச் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவரும் விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே, “என்ன அத்தான், ருசி எப்படி?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவர் குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தார். திரும்பி வந்தபோது அது வேறு மனிதர். வாய்க்கால் மீன் என்று நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. இனி இந்த வீட்டுப் படியை மிதிக்காதே என்றார். அப்போது அடுப்படி வாசலில் நின்ற அக்கா சொன்னாள்: “எந் தம்பி அப்படியெல்லாம் செய்யமாட்டான்.”

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அத்தான் சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பா ஒருவர் என்னைப் பார்த்ததும் கூடத்திலிருந்த மீன்தொட்டியைத் துண்டால் மூடினார். சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மானம் கப்பலேறிப் போனது. போகட்டும், யார் என்ன நினைத்தால் என்ன, என்னைப் பற்றி அக்காவுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். தீபாவளிக்கு அத்தானோடு சண்டை போட்டுவிட்டு, முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு பெர்ரிக் கப்பல் ஏறித் தனியாக என்னைப் பார்க்க வருவாள். மீன் பேச்சை எடுக்கவே மாட்டாள். நம்புகிறவளுக்கு என்ன கேள்வி இருக்கப்போகிறது என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

இந்த வருஷம் அவர்கள் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினார்கள். சாமான்களெல்லாம் போய்விட்டன. மீன்தொட்டியை ஏற்ற வருவதாகச் சொன்ன ஆள் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டான். அக்கா எனக்குப் போன் செய்தாள். என்னிடம் காய்கறி ஏற்றும் சின்ன லோரி இருக்கிறது. கீழேயே நின்றால் போதும், மேலே வரவேண்டாம் என்றாள். நான் மேலேயே போனேன். அக்காவுக்காகத்தான்.

அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கை தூரத்தில் நிற்கிற எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அக்காவிடம் சொன்னார். பழைய தண்ணீரைக் கொட்டக் கூடாதாம், தோங்கில், அதாவது பீப்பாயில், பிடித்துக் கூடவே கொண்டுபோக வேண்டுமாம். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் மீன் செத்துப்போகுமாம், அதிலிருக்கும் அழுக்குதான் தொட்டிக்கு உயிராம். அக்கா ஒவ்வொன்றையும் என்னிடம் திருப்பிச் சொன்னாள். நானும் அக்காவிடமே பதில் சொன்னேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் வேலை நடந்தது.

தொட்டியில் இருந்தவை இரண்டு பெரிய ஆஸ்கார் மீன்கள். ஆரல் காணாமல் போவதற்கு முந்தின வாரம் வாங்கி விட்டவை. அவற்றை மூடி போட்ட வாளிகளில் விட்டோம். குழாய் வைத்துத் தண்ணீரைத் தோங்குகளுக்கு இறக்கினோம். அக்கா கூட்டித் துடைக்கப் பின்பக்கம் போனாள். மணலும், பாதி புதைந்து கிடந்த அந்த மரக்கட்டையும்தான் மிச்சம். கட்டையை நான் நெம்பித் தூக்கினேன். அதற்கடியில் கைவிட்டு மணலை அள்ளினேன்.

கைக்குள் ஏதோ துள்ளியது.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. பாம்பு என்று நினைத்துக் கையை உதறினேன். மணல் சரிந்தது. கூர்மூக்கு, கறுத்த உடம்பு, சிவப்புக் கோடு. முன்பைவிடப் பருத்திருந்தது. வாலில் ஓரிடத்தில் கடிபட்டு ஆறிய பள்ளம். ஆஸ்கார் கடித்ததும் பயந்துபோய்க் கட்டைக்கடியில் இறங்கியிருக்கிறது. சிந்திய இறாலை இருட்டில் தின்றுகொண்டு அங்கேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது. சனியன் பிடித்த மீன், ஒரே ஒரு நாள் தலையைக் காட்டியிருக்கக் கூடாதா?

அத்தான் ஈரத்தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பிறகு மணலோடு மணலாக என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நான் பாவி” என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

இந்த நாள் வந்தால் அவரை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் பேசிப் பார்த்தவன் நான். வாயைத் திறப்பதற்குள் அக்கா துடைப்பத்தோடு வந்தாள். ஆரலைப் பார்த்தாள்.

“அப்ப... நீ அத குழம்பு வைக்கலயா?”

அத்தானைக் கேட்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை.

மீன் மணலில் புரண்டுகொண்டிருந்ததால் யாரும் நின்று பேச முடியவில்லை. பழைய தண்ணீரில் அதை விட்டு, வாளியை மூடிக் கட்டினோம். அத்தான் லோரிக்குப் பின்னால் தொட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா ஆரல் வாளியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறினாள். ஜெலுத்தோங் சாலைச் சிவப்பு விளக்கில் நிறுத்தியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“எந் தம்பி செய்யமாட்டான்னு அன்னிக்கு நீதானக்கா சொன்ன?”

“சொன்னேன்.”

“நம்பித்தானே சொன்ன?”

அவள் வாளி மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “அவரு மீனத் தேடறப்ப நீ சிரிச்சியேடா” என்றாள்.

அப்படியானால் இத்தனை நாள் எதற்கு அத்தானோடு மல்லுக்கு நின்றாய் என்று கேட்டேன்.

“வேற என்ன செய்யச் சொல்ற? செஞ்சிருந்தாலும் நீ எந் தம்பிதானே. ஒரு மீனுக்காக உன்ன விட்டுக் குடுத்துர முடியுமா?”

பின்னாலிருந்து அத்தான் யாருக்கோ போனில், அவன் செய்யலலா, மீன் உசுரோட இருக்கு, எல்லாருக்கும் சொல்லிரு என்று கத்திக்கொண்டிருந்தார். விளக்கு பச்சையானது. பின்னாலிருந்த கார்கள் ஹாரன் அடித்தன. என் கால் எழவில்லை. சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெர்ரி ஏறி, முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்ததெல்லாம் என்னை நம்பி இல்லை. நான் செய்யாத திருட்டுக்கு இரண்டு வருஷமாக அக்கா என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.