கீறிப் பார்த்துப் பெயர் சொன்னவர்

மரிய ஞானம் டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி, முதல் மணி அடித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது. ஆவூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அவருடைய தம்பி, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கேட் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "அக்கா விடியக்கால தவறிட்டாங்க டீச்சர். நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அம்புட்டுதான்" என்றார். நான் வகுப்புக்குப் போகவில்லை.

புதுக்கோட்டையில் எங்கள் பெண்கள் பள்ளியில் அவர் விஞ்ஞானமும் நான் தமிழும் நடத்தினோம். சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில் அடுத்தடுத்து வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். அவரிடம் படித்தவர்கள் அவரைக் கண்டிப்பானவர் என்பார்கள். என் நினைவுக்கு முதலில் வருவது அவர் செய்த ஒரு தவறு.

குடுமியான்மலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு விடுமுறையில் அவரை அங்கே சாப்பிட அழைத்துப் போயிருந்தேன். புதிதாகச் சுண்ணாம்புக் காளவாய் போட்டிருந்த என் அண்ணன், நிலத்தில் கிடைத்த வெள்ளைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தட்டையான முகங்களோடு பளபளவென்று உடைந்திருந்தது. டீச்சர் அதை வெயிலில் திருப்பிப் பார்த்தார். "சுண்ணாம்புக்கல்லுதான்" என்று சொல்லிவிட்டு மோரை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் அந்தச் சொல்லை நம்பி வண்டி வண்டியாகக் கல் ஏற்றினார். காளவாய் நாள்கணக்கில் எரிந்தது. ஆறியதும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கொதிக்கவுமில்லை, மாவாகப் பூக்கவுமில்லை. கல் கல்லாகவே கிடந்தது. அண்ணன் என் வீட்டுக்கு வந்து, "ஒன் டீச்சர் சொன்ன கல்லு வெந்த லட்சணத்த வந்து பாரு" என்று கத்திவிட்டுப் போனார்.

டீச்சரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சனிக்கிழமையே ஓர் இரும்பு ஆணியும் பள்ளி ஆய்வகத்து அமிலம் கொஞ்சமும் எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். காளவாயருகே குந்தி உட்கார்ந்து கல்லை ஆணியால் கீறினார். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் ஆணி பள்ளம் போட்டிருக்கும். இங்கே ஆணிதான் தேய்ந்து கல்லின்மேல் சாம்பல் கோடாகப் படிந்தது. அமிலத்தைச் சொட்டினார். நுரைக்கவில்லை, சொட்டு அப்படியே நின்றது. அவர் எழுந்து, அங்கிருந்த எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "கல்லு மேலயும் தப்பில்ல, வெறகு மேலயும் தப்பில்லைங்க. இத நான் அன்னிக்கே செஞ்சு பாத்திருக்கணும். வெறுங்கண்ணால பாத்துச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

அண்ணன் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணங்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே டீச்சர். அத்தனை பேரு முன்னால சொல்லணுமா?"

"அத்தனை பேரும்தானே டீச்சர் வெறகு சொமந்தாங்க" என்றார். பிறகு ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

திங்கட்கிழமை அந்தக் கல்லையும் ஒரு சுண்ணாம்புக்கல்லையும் வகுப்பில் வைத்து, தான் ஏமாந்த விதத்தைப் பிள்ளைகளுக்கே விளக்கினார். ஆசிரியை இப்படிப் பேசினால் மரியாதை போய்விடும் என்று அலுவலக அறையில் அவருக்கு அறிவுரை கிடைத்தது. கேட்டுக்கொண்டார், மாற்றிக்கொள்ளவில்லை. "நெறம் ஏமாத்தும். கீறிப் பாரு, தேய்ச்சுப் பாரு, தூக்கிப் பாரு, அப்புறம் பேரச் சொல்லு" என்பது அதன்பின் அவர் வாயில் ஓயாமல் வந்தது.

அடுத்தடுத்து மழை பொய்த்த ஒரு கோடையில், அண்ணனும் எங்கள் பங்காளி ஒருவரும் பொதுவில் கிணறு வெட்டினார்கள். ஆழத்தில் மஞ்சளாக மின்னும் தகடுகள் வந்தன. தங்கம் என்று ஊர் கூடிவிட்டது. யார் பக்கத்து மண் என்று இருவரும் கடப்பாரையோடு எதிரெதிரே நின்றார்கள். வெட்டு நின்றுபோனது, பயிர் காய்ந்தது. அண்ணனே என்னைத் தேடி வந்தார். "அந்த டீச்சரம்மாவக் கூட்டிட்டு வா."

"அவங்களையா?" என்றேன்.

"வேற யாரு வந்து சொன்னாலும் அவன் நம்ப மாட்டான். காளவாயில அந்தம்மா நின்னு சொன்னப்ப அவனும் அங்கிட்டுதான் நின்னான்."

டீச்சர் வந்தார். எது கேட்டாலும் "பொறுங்க" என்றார். எதையும் அவர் தன் கையால் செய்யவில்லை. அந்த இருவரையுமே செய்ய வைத்தார். பங்காளி ஆணியால் நெம்ப, அது வெங்காயச் சருகுபோல ஏடு ஏடாகப் பிரிந்தது. அண்ணன் சுத்தியலால் தட்டினார். தங்கமென்றால் நசுங்கிப் பரவும், இது நொறுங்கியது. உடைந்த பீங்கானின் சொரசொரப்பான விளிம்பில் தேய்த்தார்கள். மஞ்சள் கோடு விழவில்லை, அழுக்கு வெள்ளையாக விழுந்தது. அப்புறந்தான் அவர் பெயர் சொன்னார்: "காக்காப்பொன்னுங்க. வெறும் அப்ரகம்."

பங்காளிதான் கேட்டார்: "தண்ணியாச்சும் வருமா டீச்சரம்மா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. வெட்டித்தான் பாக்கணும்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பங்காளியும் சிரித்தார். மறுநாள் இருவரும் கிணற்றில் இறங்கினார்கள். தண்ணீர் வந்தது; ஏராளமாக இல்லை, ஒரு போகத்துக்குப் போதும். டீச்சர் வந்த அன்று அவரை அண்ணன் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

டீச்சரை அடக்கம் செய்தபோது ஆவூர் கல்லறைத் தோட்டத்துக்கு அண்ணனும் பங்காளியும் ஒன்றாகவே வந்திருந்தார்கள். தலைத்துண்டை எடுத்துவிட்டு, ஜெபம் தெரியாததால் கையை மட்டும் கூப்பி நின்றார்கள்.

போன வாரம் வகுப்பில் ஒரு பெண் பழம்பாடல் ஒன்றைக் காட்டி, அதிலுள்ள சொல்லுக்குப் பொருள் கேட்டாள். ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். எங்களில் பலரும் செய்வதுதான். "எனக்குத் தெரியலம்மா, பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். என் மரியாதை ஒன்றும் குறையவில்லை. மரிய ஞானம் டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இது. இதை நான் வைத்துக்கொள்கிறேன்.