டூலாரி பூட்டிய கூடை

எங்கள் டூலாரி தீதிக்குத் திமிர் என்று எங்கள் ஊர் கூவாவில் பாதிப் பேர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அடங்கி ஒடுங்கிக் கிடந்தவர்களுக்கு மட்டும் யார் மாலை போட்டார்கள்? தீதி என்று அக்கா முறையில் கூப்பிடுகிறேன், அவள் என் ஓரகத்தி, என் புருஷன் ஹரிலாலின் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். மெயின் ரோட்டு மருந்துக்கடையில் வேலை. பிள்ளைகள் இல்லை. அதனாலேயே அவளுடையதெல்லாம் பொதுச் சொத்து என்று எங்கள் வீட்டு ஆம்பிளைகள் முடிவு கட்டியிருந்தார்கள்.

அதில் முதலாவது அவளுடைய கார்டு. பாங்க் அமெரிக்க டாலரை மூக்குப்பொடி மாதிரிக் கிள்ளிக் கொடுக்கிற தேசம் இது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு. ஹரிலாலின் கார்டை பாங்க் முடக்கி வைத்திருந்தது, ஏன் என்று நான் இங்கே சொன்னால் வீட்டில் சண்டை வரும். ஆகையால் வெளிநாட்டுச் சாமான் எது வேண்டுமென்றாலும் ஆன்லைன் கடையில் தீதியின் கணக்கு, தீதியின் கார்டு, தீதியின் மயாமி முகவரி. அங்கே போய்ச் சேரும் பெட்டியை ஒரு கூரியர் கம்பெனி பிளேன் ஏற்றி இங்கே அனுப்பும்.

பாஸ்வேர்டு எங்கள் நாயின் பெயர். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வாரம் முழுக்க ஆளாளுக்கு உள்ளே போய்க் கூடையில் சாமானைப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தீதி வீட்டில் கூடி, பெலாச் சோறும் கோழிக்கறியும் ஒரு பிடி பிடித்த பிறகு, அவள் போனை எடுத்துப் பணம் கட்டுவாள். வரம்பு தாண்டினால் ஏதாவது ஒன்றை வெளியே எடுக்க வேண்டும். எடுக்கப்படுவது எப்போதும் தீதியுடையதுதான். "அடுத்த மாசம் வாங்கிக்கறேன்" என்பாள். அந்த அடுத்த மாதத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த வருஷம் அவள் கூடையில் போட்டது ஒரு நீச்சல் உடை. ஈஸ்டர் முடிந்ததும் ஊர் நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு. தீதி பெயர் கொடுத்திருந்தாள். தீவில் பிறந்து ஐம்பத்தாறு வயதாகியும் முழங்காலுக்கு மேல் கடல் நனைத்ததில்லை அவளை. மராக்காஸ் கடற்கரைக்குப் போனால் நாங்கள் தண்ணீரில் ஆடுவோம், அவள் மணலில் உட்கார்ந்து எங்கள் செருப்பைக் காவல் காப்பாள். குளத்தில் டி-ஷர்ட்டோடு இறங்க விடமாட்டார்கள். அவள் உடம்புக்குச் சரியான அளவு பக்கத்து டவுன் சாகுவானாஸ் கடைகளில் இல்லவே இல்லை. ஆக, அந்த ஒரு துணி வராவிட்டால் வகுப்பு கிடையாது.

கூடையைப் பார்த்துவிட்டு ஹரிலால் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தார். அண்ணியை அவர் பௌஜி என்றுதான் கூப்பிடுவார்.

"பௌஜி, யாருக்கு இந்த நீச்சல் உடை? மருந்துக்கடையில மாட்டி வெக்கவா?"

"எனக்கு."

"இந்த வயசுலயா? கடல்ல தண்ணி மட்டம் ஏறிடப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். என் மகன் ஷிவானுக்குப் புரை ஏறியது. ஏறட்டும் என்று நான் தண்ணீர் கொடுக்கவில்லை.

அந்தச் சிரிப்பில் அன்று பணம் கட்டாமல் விட்ட தீதி, அடுத்த ஞாயிறு கட்டப் போனைத் திறந்தாள். கூடை காலி. நீச்சல் உடையைக் காணோம். கார்டில் அந்த மாதத்து வரம்பும் தீர்ந்திருந்தது. ஷிவான் முந்தின நாளே உள்ளே புகுந்து, அவள் சாமானைத் தூக்கி எறிந்துவிட்டு, தன் காருக்கு ஹெட்லைட் வாங்கிப் பணமும் கட்டியிருந்தான். கார்டு எண் கணக்கிலேயே சேமித்து வைத்திருந்ததே, அவனுக்கு என்ன கஷ்டம்?

"தள்ளுபடி முடியப் போவுதுன்னு போட்டுட்டேன் பெரியம்மா. நம்ம கணக்குதானே?" என்றான் அந்தத் தடியன். வேலைக்குப் போகிற ஆள், மீசை வேறு.

தீதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் எதையோ தேடினாள். பிறகு பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி உரக்க வாசித்தாள். அவள் கணக்கு எந்தெந்தப் போனில் திறந்து கிடக்கிறது என்று அதில் வந்திருந்தது. இரண்டாவது பெயர் என்னுடையது.

"ஹரிலால். சுமிந்த்ரா. ஷிவான். ஷிவானோட பழைய போன், அதை வித்துட்டதா சொன்னே. இது யாரு, டொபேகோவுல ஒருத்தி?"

ஷிவானுக்கு முகம் வெளுத்தது. அவனை விட்டுவிட்டுப் போன பெண். போய் ஒரு வருஷம் ஆகிறது. தீதியின் வீட்டு முகவரி, போன் நம்பர், என்ன மருந்து வாங்கினாள், என்ன உள்பாடி வாங்கினாள் எல்லாம் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். போனை வாங்கியவனும்தான்.

"எல்லாரையும் வெளியேத்தறதுக்கு ஒரு பட்டன் இருக்கு" என்றாள் தீதி. அழுத்தினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். சேமித்திருந்த கார்டையும் அழித்தாள். இத்தனையும் எங்கள் கண்ணெதிரே, அவள் போட்ட சாப்பாட்டின் முன்னால்.

ஹரிலால் தட்டைத் தள்ளினார். "புது பாஸ்வேர்டு என்ன?"

"சொல்ல மாட்டேன்."

"குடும்பத்துக்குள்ள பூட்டா பௌஜி? அப்படி என்னத்த ஒளிக்கறீங்க?"

"ஒளிக்க ஒண்ணுமில்ல. நீ துழாவறதுக்கும் ஒண்ணுமில்ல. உன் வீட்டு கேட்டுல பூட்டு தொங்குதே, எனக்குச் சாவி குடுத்தியா?"

எனக்குள் விசில் அடித்தது.

"ஒரு பட்டியல் போட்டு வெச்சிருக்கேன்" என்றாள் தீதி. "அதுக்கு லிங்க் அனுப்பறேன். வேணும்ங்கறத அதுல சேருங்க. அதை மட்டும்தான் நீங்க பார்க்க முடியும். கூடை என்னோடது. பணம் கட்டறது நான். லிங்க்கை வெளி ஆளுக்கு அனுப்பினா, அனுப்பினவரை நீக்கிடுவேன்."

"இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று ஹரிலால் எழுந்து போனார். ஷிவான் பின்னாலேயே போனான். நான் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் பெலா போட்டுக்கொண்டேன். பசிக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்?

வீறாப்பு மாதக் கடைசி வரை தாங்கியது. காரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இயந்திரம் ஒன்றின் மேல் அவருக்கு ஆசை. புது மாதம் பிறந்து வரம்பு திறந்த அன்று பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டு, நேரே மருந்துக்கடைக்கே போய் நின்றாராம். வரிசையில் ஊர் சனம்.

"பௌஜி, ரெண்டும் சேர்த்தா வரம்பு தாண்டுது. உங்களோடத அடுத்த மாசம் வாங்கினா என்ன?" என்று குசுகுசுத்திருக்கிறார்.

"என்னோட எது? சத்தமா சொல்லு ஹரி, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"அதான்... அந்தத் துணி."

"நீச்சல் உடை" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள் தீதி. "கறுப்பு. ரொம்பப் பெரிய அளவு. எனக்கு."

வரிசையில் நின்ற ஒருத்தி கை தட்டினாளாம். தீதி போனை எடுத்தாள், கார்டு எண்ணைத் தன் விரலால் ஒவ்வொன்றாக அடித்தாள், அவர் முகத்துக்கு நேரே பணம் கட்டினாள். பெட்டி வரும் தேதியையும் வாசித்துக் காட்டினாள். வகுப்புக்கு முன்பே வந்துவிடும்.

"உன்னோடது பட்டியல்லயே இருக்கு. முறை வரும்போது பார்ப்போம். அடுத்தது யாருங்க?"

இதையெல்லாம் ஹரிலாலே அன்று சாயங்காலம் வந்து என்னிடம் கொட்டினார். மானம் போச்சு, மரியாதை போச்சு. "நீ சொன்னா கேப்பா. ஓரகத்திக்கு ஓரகத்தி எடுத்துச் சொல்லு."

போனை எடுத்தேன். தீதியின் பட்டியலைத் திறந்தேன். என் இடுப்பளவை ஒருமுறை மனதுக்குள் நினைத்துக்கொண்டு, நீல நிறமாகப் பார்த்து எனக்கும் ஒரு நீச்சல் உடை சேர்த்தேன். வரிசையை மாற்றவும் அதில் வழி இருக்கிறது. அவருடைய இயந்திரத்துக்கு மேலே நகர்த்தி வைத்தேன்.

"சொல்லிட்டியா? என்ன எழுதின?" என்றார்.

"லிங்க் உங்களுக்கும் வந்திருக்கில்ல? திறந்து பாருங்க."