டி.வி. ஓரத்தில் இறுக்கிய கயிறு

அன்று படகில் நான், என் மனைவி கஸ்தூரி, அவள் தம்பி ரகு, மூன்று பேர் இருந்தோம். கூடவே பழவேற்காட்டில் தவணைக்கு எடுத்த டி.வி. கடையில் பார்வைக்கு வைத்திருந்தது என்பதால் விலை குறைவு, அட்டைப்பெட்டி இல்லை. இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதமாகச் சுவரையே பார்த்துக் கிடக்கும் என் நைனாவுக்காக வாங்கினேன்.

ரகு தன் போனை நீட்டினான். "இன்னா மாமா, இதுல ஓரம்கூட வளைஞ்சு முழுக்கக் கண்ணாடி. உன் டி.வி.க்கு இன்னாத்துக்கு கறுப்புப் பட்டை?"

ஏரியில் காற்று ஏறியதும் டி.வி. சரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஐஸ் பெட்டியைக் கட்டுவதுபோல டி.வி.யை வலை மேல் படுக்கவைத்து, ஓரத்தில் கயிறு போட்டு இறுக்கினேன். போதாது என்று இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

"நீ கட்ற கட்டுல அது மூச்சு முட்டி செத்துடும்யா," என்று கஸ்தூரி சிரித்தாள்.

வீட்டில் போட்டால் சத்தம் மட்டும் வந்தது. திரை முழுக்கக் கோடு.

பொன்னேரியிலிருந்து வந்த மெக்கானிக்கிடமும் ரகு போனைக் காட்டி அந்தப் பட்டையைப் பற்றிக் கேட்டான். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "போன் கையளவு, வளையுற திரை போடலாம். இவ்ளோ பெரிய திரைய அப்டி செஞ்சா வெல தாங்காது, தூக்குற கை பட்டாலே ஒடையும். படம் வர்ற கம்பியெல்லாம் ஓரத்துலதான் ஒட்டியிருக்கு. அத்த காப்பாத்தத்தாங்க பட்டை. நீங்க அதும் மேலயே இறுக்கிட்டீங்க. மாத்தணும்னா புது டி.வி. வெல ஆவும்."

இப்போதெல்லாம் கண்ணாடிச் சாமான் எதையும் நான் கட்டுவதில்லை. நிமிர்த்தி மடியில் அணைத்துக்கொள்கிறேன். "எப்படா படம் வரும்?" என்று கேட்பதை நைனா நிறுத்திவிட்டார். மறுபடியும் சுவரைத்தான் பார்க்கிறார். தவணையில் இன்னும் பதினோராயிரத்து நானூறு ரூபாய் பாக்கி.