முயல்வால் புல்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எல்லோரும் வாசலில் செம்பருத்தி வைத்தார்கள். நான் புல் வளர்த்தேன். "சும்மா முளைக்கிறதுக்குத் தண்ணி ஊத்துறா பாரு" என்று சிரிக்காத வாய் இல்லை.

பள்ளியில் எனக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்கார டீச்சரம்மா, ஊருக்குக் கப்பலேறும்போது ஒரு சிட்டிகை விதை தந்துவிட்டுப் போனார். முயல் வால் மாதிரி வெள்ளைக் கதிர் விடும் அழகுப் புல். ஒரு பருவம்தான் அதற்கு ஆயுசு. கதிர் முற்றி விதை எடுத்தால்தான் அடுத்த விதைப்பு. இந்த ஊர் மழையில் முதலில் போட்டதெல்லாம் அழுகிப் போயிற்று. மிச்ச விதையை மண்ணெண்ணெய் டின்னில் மணல் கலந்து விதைத்து, சாரல் படாத இடத்தில் வைத்துக் காப்பாற்றினேன். இதுவும் போனால் விதை கேட்க எனக்கு ஆளில்லை.

கதிர் விடும் சமயத்தில் பிரசவத்துக்குக் கிள்ளானில் அம்மா வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் டின்னைக் காட்டினேன்.

"வைக்கோல் நிறம் வர்ற வரைக்கும் ஒரு கதிரையும் கிள்ளிடாதீங்கக்கா. பச்சையில அறுத்தா விதை கிடைக்காது, புல்லும் மறுபடி வராது."

"நீ நல்லபடியா பெத்துக்கிட்டு வா. நான் பாத்துக்க மாட்டேனா?"

நம்பினேன். வேலியே பயிரை மேயும் என்று யார் கண்டது!

கைக்குழந்தையோடு திரும்பி வந்தால், டின்னில் அறுத்த அடித்தண்டுதான் காய்ந்து நின்றது. ஆங்கிலப் புத்தாண்டுக்கு ரயில்வே ஊழியர்கள் குடும்பத்தோடு மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் பெரிய துரையைப் பார்க்கப் போவது வழக்கம். அக்கா என் கதிர்களையெல்லாம் பச்சையிலேயே அறுத்துச் செண்டு கட்டி, தான் வளர்த்தது என்று துரைசானி கையில் கொடுத்திருக்கிறாள்.

போய்க் கேட்டேன்.

"புல்லுதானே லா, அதுக்கா இந்த மூஞ்சி? உன் வீட்டுக்காரரும் கூடத்தானே நின்னாரு. அவரு ஒண்ணும் சொல்லலையே!"

நேரே வீட்டுக்கு வந்தேன். அவரிடமே கேட்டேன்.

"அவங்க வீட்டுக்காரரு ஆபீஸ்ல கணக்கெழுதுற பெரிய கிராணி. நான் அவருக்குக் கீழ வேலை பாக்கிறவன். துரை முன்னாடி என்னைப் பேசச் சொல்றியா?"

அறுத்தவளைவிட, நின்று பார்த்தவர் மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கென்று அக்கா பித்தளைத் தூக்கில் பாயசம் அனுப்பினாள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் பழக்கம் எங்கள் வீட்டு வரிசையில் கிடையாது. ஒரு பிடி அரிசியாவது போடுவோம். நான் தூக்கைக் கழுவித் துடைத்து அப்படியே எடுத்தேன்.

"வெறும் தூக்கா குடுக்காத. அவங்க மனசு நோகும்" என்றார் இவர்.

பக்கத்து வீட்டு மனசு நோகும் என்று தெரிந்திருக்கிறது மனிதருக்கு. நான் வெறும் தூக்கையே வேலிக்கு மேலே நீட்டினேன்.