முப்பத்தொரு ஓரத்துண்டுகள்

விதைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தால் விதையைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பதினோரு வருடத்தில் எனக்குக் கைவந்தது கவரை எங்கே வெட்டுவது என்பது மட்டும்தான், அதுவும் தவறான இடம் என்று இந்தப் போகத்தில் தெரிந்தது.

மாரண்டஹள்ளியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. விதை, உரம், பூச்சிமருந்து. கவுண்டரில் நான், உள்ளே ஓனர். நீங்களும் குளிக்கும்போது ஷாம்புக் கவரை ஈரக்கையால் இழுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பல்லால் கடித்தவராகத்தான் இருப்பீர்கள். புது டூத் பிரஷ்ஷை வெளியே எடுக்க அரிவாள்மனையைத் தேடியிருப்பீர்கள். உங்களிடம் சொன்னால் புரியும் என்றுதான் எழுதுகிறேன். மாதம்மாளின் தக்காளி விஷயத்தில் என்ன நடந்தது என்பது எனக்கே இன்னும் முழுதாகப் புரியவில்லை.

உறைக்குள் உறை

பத்து கிராம் தக்காளி விதை உள்ளங்கைக் குழிக்குள் அடங்கிவிடும். அது வருகிற அட்டைப்பெட்டி என் டிபன் பாக்ஸ் அளவுக்கு இருக்கிறது. பெட்டியைச் சுற்றிக் கண்ணாடித்தாள். உள்ளே பல மொழிகளில் அச்சடித்து எட்டாக மடித்த காகிதம். அதற்கடியில் ஆடாமல் இருக்க ஒரு அட்டை. அட்டைக்கு நடுவில் கெட்டியான வெள்ளிக் கவர். அதற்குள்தான் சிவப்பு மருந்து பூசிய விதை. பெட்டி எதற்கு என்று ஒருமுறை ஓனரிடம் கேட்டேன். கவரைப் பாதுகாக்க என்றார். கவர் எதற்கு என்று கேட்கவில்லை.

வெள்ளிச்சந்தைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவர், முதல் தடவையாக இந்தப் பெட்டியை வாங்கிக் கடைப்படியில் உட்கார்ந்து பிரித்தார். கண்ணாடித்தாளை உரித்துப் பக்கத்தில் வைத்தார். பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதையும் பக்கத்தில் வைத்தார். அட்டையை உருவினார். வெள்ளிக் கவரைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் தக்காளி விதைதானேங்க கேட்டேன், நீங்க வெங்காயத்தைக் குடுத்துட்டாப்பல இருக்குது."

கைராசி

வெள்ளிக் கவரின் மேல்பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடு. 'இங்கே கிழிக்கவும்' என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கும். அங்கே மட்டும் அது கிழியாது. பல்லால் கடித்தால் மருந்து வாய்க்குள் போகும். ஒருவர் வீட்டுக்குப் போய் அரிவாளால் கீறி, பாதி விதையை வாசலில் கொட்டிவிட்டு வந்து, மிச்சத்தைக் காட்டினார். அன்றிலிருந்து விற்கிற கவரை நானே கத்தரிக்கோலால் புள்ளிக்கோட்டில் நேராக வெட்டி, வாயை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். நல்ல மகசூல் கண்ட இரண்டு மூன்று பேர் அதை என் கைராசி என்று சொல்லிவிட்டார்கள். பிறகு கத்தரிக்கோல் வைத்திருப்பவர்களும் என்னிடமே நீட்டினார்கள்.

மாதம்மாள் அப்படி வருகிறவர். ஐம்பது வயது இருக்கும். புருஷன் பெங்களூரில் வாட்ச்மேன், பண்டிகைக்கு வருவார். அரை ஏக்கரும் ஒரு போர்க்கிணறும் மாதம்மாளின் பொறுப்பு. இந்த வருடம் கம்பெனி ஒரு புது ஏற்பாடு செய்திருந்தது. ஒவ்வொரு கவருக்கும் தனி நம்பர். விதை முளைக்காவிட்டால் நம்பரோடு கவரைக் காட்டினால் வேறு பாக்கெட் தருவார்கள், ஒரு நம்பருக்கு ஒரே தடவை. வருகிறவர்களிடமெல்லாம் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாதம்மாளிடமும் சொன்னேன். சொல்லிக்கொண்டேதான் வெட்டினேன். வெட்டுவதற்கு முன், ஓனர் இன்னொரு பக்கம் நின்றவரின் பாக்கெட்டைத் தானே வெட்ட எடுத்தபோது மாதம்மாள் தன்னுடையதைச் சட்டென்று என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னார்: "போன வருசம் நீங்க பிரிச்சது ஒண்ணு விடாம மொளைச்சுது, இதுல வேற கை படக் கூடாதுங்க."

பதிமூன்றாம் நாள்

எந்தப் பாத்தியில் என்ன ரகம் என்று தெரிய, தலைமாட்டில் ஒரு குச்சியை நட்டு அதில் காலிக் கவரைக் கவிழ்த்து வைப்பது இங்கே வழக்கம். விதைத்த பதிமூன்றாம் நாள் மாதம்மாள் அந்தக் கவரோடு வந்தார். மழையிலும் வெயிலிலும் நின்றும் கவர் கடையிலிருந்து போனதுபோலவே பளபளவென்று இருந்தது. பாத்தியில்தான் ஒரு முளைகூட வரவில்லை. போரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறதாம். பத்து நாளுக்குள் மறுபடி விதைத்துவிட்டால் இந்தப் போகத்தைத் தேற்றிவிடலாம், தாண்டினால் உழுது, பார் பிடித்துத் தயாராக வைத்த நிலம் அப்படியே கிடக்கும் என்றார். கவர் இருக்கிறதே, கவலைப்படாதீர்கள் அக்கா என்று சொல்லி வாங்கினேன். முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். நம்பர் இல்லை. விற்காத ஒரு கவரை எடுத்துப் பார்த்தேன். புள்ளிக்கோட்டுக்கு மேலே, வெட்டி எறியச் சொல்கிற அந்த விரலகலத்தில் பொடி எழுத்தில் நம்பர் இருந்தது.

வெட்டிய துண்டுகளை நான் எறியவில்லை. குப்பை வண்டியில் வருகிற அம்மா இந்த வெள்ளித்தாளை வாங்குவதில்லை, எரித்தால் தெருவே நாறும். கவுண்டருக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் சேர்ந்துகொண்டிருந்தது. கொட்டி எண்ணினோம். இதே ரகத்தில் முப்பத்தொன்று இருந்தன, முப்பத்தொன்றிலும் வேறு வேறு நம்பர். பல்லால் கடித்திருந்தால் கிழிசலோடு கிழிசலைப் பொருத்திக் கண்டுபிடித்திருக்கலாம். நான் ஒரே கோட்டில் சுத்தமாக வெட்டியிருந்தேன். மாதம்மாள் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தன் கவரின் வாயில் வைத்துப் பார்த்தார். கடைசித் துண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாமே என்னுதாட்டந்தாங்க இருக்குது."

வாடிக்கையாளர் சேவை

கவரின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று போய்க் கடைசியில் ஒரு பெண் கிடைத்தார். நடந்ததைச் சொன்னேன். மிகவும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நம்பர் தெரிகிற மாதிரி முழுக் கவரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். வெட்டிவிட்டோமே என்றேன். வெட்டாத கவர் வேண்டும் என்றார். வெட்டாமல் எப்படி விதையை எடுப்பது என்று கேட்டேன். கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கள் ஊருக்கு வருகிற கம்பெனி ஆபீசர் வெள்ளிக்கிழமை கடைக்கு வருவார், அவரிடம் கொடுக்க ஏதாவது ஒரு நம்பர் இருந்தாக வேண்டும் என்றார். வைப்பதற்கு முன், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இப்படிச் சொன்னார்: "பிரிக்காத கவர் இருந்தா பிராப்ளமே இல்ல மேடம்."

அமுக்கித் திருகவும்

இதற்கும் தக்காளிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அன்றைக்கே நடந்தது. பூச்சிமருந்து பாட்டில் ஒன்றைத் திறக்க முடியவில்லை என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். மூடியைத் திருகினால் டிக் டிக் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் இடுக்கி போட்டும் பார்த்தாராம். அமுக்கிக்கொண்டே திருக வேண்டும், குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். விளக்கியபடியே நான் அமுக்கித் திருகினேன், எனக்கும் டிக் டிக்கென்றுதான் சுற்றியது. ஓனர் உள்ளேயிருந்து வந்து திருகினார். அவருக்கும் அதே. கொண்டுவந்தவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எனக்கு அறுவத்திரெண்டு வயசுங்க, நம்ம மூணு பேர்ல யாரைக் கொழந்தைன்னு நெனைச்சு இதைச் செஞ்சாங்க?"

முப்பது போன்

ஏதாவது ஒரு துண்டை எடுத்துக் கொடுத்து முடி என்றார் ஓனர். எனக்கு அதில்தான் குழப்பம். ஒரு நம்பருக்கு ஒரே தடவை. நான் எடுப்பது வேறொருவருடையதாக இருந்து, அவருக்கும் முளைக்காமல் போய், அவர் கவரோடு வந்து நின்றால் என்ன சொல்வது? மற்ற முப்பது பேருக்கும் முளைத்திருந்தால் யாருடையதை எடுத்தாலும் நஷ்டமில்லை என்று தோன்றியது. பில் புத்தகத்தில் எல்லோருடைய போன் நம்பரும் இருந்தது. வியாழக்கிழமை முழுக்கப் பேசினேன்.

விதை முளைத்ததா என்று கடையிலிருந்தே கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். ஒருவர் கூப்பிட்ட அரை மணியில் ஒரு நாற்றைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார், இதில் என்ன கோளாறு என்று பார்க்கச் சொல்லி. ஒரு அம்மா கன்னடத்தில் நெடுநேரம் பேசினார். சிரித்துக்கொண்டே பேசியதால் முளைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன், பிறகு மனம் கேட்காமல் அவர் மகனிடம் ஒருமுறை உறுதி செய்துகொண்டேன். முப்பது பேருக்கும் முளைத்திருந்தது. பஞ்சப்பள்ளிப் பக்கத்துக்காரர் ஒருவர் சொன்னதுதான் ராத்திரி சாப்பிடும்போதும் காதில் இருந்தது: "மொளைச்சிருச்சுங்க, ஏன், மொளைச்சிருக்கக் கூடாதா?"

ஆபீசர்

வெள்ளிக்கிழமை ஆபீசர் பைக்கில் வந்தார். இளைஞர், நல்ல மாதிரி. மாதம்மாள் காலையிலிருந்தே உரமூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். நான் முப்பத்தொரு துண்டுகளையும் கவுண்டரில் வரிசையாக அடுக்கினேன். மற்ற முப்பது பேருக்கும் முளைத்துவிட்டது, அதனால் எதை எடுத்தாலும் யாருக்கும் பாதிப்பில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஆபீசர் தலை நிமிர்ந்தார். மற்றவர்களுக்கெல்லாம் முளைத்திருந்தால் விதையில் குறையில்லை என்றுதானே அர்த்தம் என்றார். மாற்றிக் கொடுப்பதற்கு என் வாயாலேயே காரணம் இல்லாமல் செய்துவிட்டேன். ஓனர் கால்குலேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாதம்மாள் எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. நம்பர் இருந்தால் போதும் என்று சொன்னார்கள், இதோ முப்பத்தொன்று இருக்கிறது, அதில் ஒன்று என்னுடையது, இல்லையென்று சொல்ல முடியுமா என்று கேட்டார். ஆபீசர் தன் போனில் படிவத்தைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னையே ஒன்றை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அவர் நம்பரை அடித்ததும் பச்சை டிக் வந்தது. நான் செய்தது சரியா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "ஏன் மொளைக்கலன்னு எழுதறதுக்கு இதுல கட்டமே இல்லீங்க."

செவ்வாய்க்கிழமை

பாக்கெட் செவ்வாய்க்கிழமை பார்சலில் வந்தது. செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள், அதற்குள் வழக்கமான பெட்டி. போன் செய்ததும் மாதம்மாள் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். போரில் இன்னும் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். விட்டுவிட்டு வருகிறது, பாத்தியைக் கொத்தி நனைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், இன்றைக்கே விதைத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்றார். ஒவ்வொன்றாக உரித்து வெள்ளிக் கவரை வெளியே எடுத்தோம். கை தன்னால் கத்தரிக்கோலுக்குப் போனது. பாதியில் நிறுத்தினேன். இனி இவர் என் கையால் பிரிக்க விடமாட்டார் என்று நினைத்தேன், விடவும் கூடாது.

அவர் கவரை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். படி இறங்கினார். நான் குப்பையை ஒதுக்கக் குனிந்தேன். மாதம்மாள் திரும்பி வந்து, கவுண்டரில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார். ஓனரிடம் ஒரு மணி நேரம் இவங்களை அனுப்புங்க என்று தலையாட்டிக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "கடையில வேணாங்க, வந்து என் பாத்தியில வெச்சுப் பிரிங்க, வெட்டற துண்டு விழுந்தாலும் என் நெலத்துலயே விழட்டும்."

விதை முளைக்கும் வரை கவரைக் காப்பாற்ற வேண்டும், கவரைக் காப்பாற்ற அதைப் பிரிக்காமல் இருக்க வேண்டும், பிரிக்காமல் இருந்தால் விதை முளைக்காது என்பதுதான் இந்த வேலையில் நான் தெளிவாகப் புரிந்துகொண்டது.