சிவப்புக் கண்ணாடியில் சனி

சனி பிடித்துவிடும் என்று பயந்து எள் தீபம் ஏற்றுகிற தெரு எங்களுடையது. அந்தத் தெருவில் பிராங்கிளின் அண்ணன் சனியைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்தார். டெலஸ்கோப் வந்திறங்கிய அன்றே, காசு கொடுத்து சனியனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவனை சனி என்ன செய்யும் என்று அவருக்கு ஒரு தைரியம்.

அவர் திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். பகல் ஷிப்ட் முடிந்து இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். எர்ணாவூர் மொட்டை மாடியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே காயப்போட்ட துணியை உதறாமல் மடித்தால் தொழிற்சாலைச் சாம்பலையும் சேர்த்துத்தான் மடிக்க வேண்டும். அந்த வானத்தில் சனி, பாலில் ஊறிய பொரி மாதிரி கலங்கித்தான் தெரிந்தது. பிறகு யாரோ சொல்லி சிவப்புக் கண்ணாடி பில்டர் ஒன்று வாங்கி கேமராவுக்கு முன்னால் திருகினார். புகைமூட்டம் நீல வெளிச்சத்தைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும், சிவப்பு ஓரளவு நேராக வந்து சேரும் என்று எனக்கு விளக்கினார். வீடியோவாக எடுத்து, ஆயிரக்கணக்கான படங்களில் தேறியதை மட்டும் பொறுக்கி ஒன்றாக்கினார். கருப்பு வெள்ளையாக மாற்றியதும் வளையத்தோடு சனி வந்து நின்றது. நான் உண்மையிலேயே அசந்துபோனேன்.

அவர் மனைவி பிலோமி அக்கா அந்தப் படத்தை போனில்தான் பார்த்தார். மாடி ஏற அவரால் முடியாது. நாங்கள் குடிவந்தபோது மீன் கூடையோடு ஓட்டமாக நடந்தவர், இப்போது இன்ஹேலர் இல்லாமல் தெருமுனை வரை போவதில்லை. நெஞ்சில் சளி இல்லை, சாம்பல்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இருக்கிற புகை போதாதென்று பக்கத்துத் தொழிற்சாலை இன்னொரு புகைபோக்கி கட்டப்போவதாகச் செய்தி வந்தது. கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அக்கா வீடு வீடாகப் போய், மூச்சு வாங்க வாங்கப் பேசி, ஆள் சேர்த்தார். தெரு சார்பில் எதிர்த்துப் பேச அண்ணன் பெயரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

மண்டபத்துக்குள் நுழைந்தால் மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு சனி. 'நம் வானம் இவ்வளவு தெளிவு' என்று கீழே எழுதியிருந்தது. ஒரு மாதம் முன்பு தொழிற்சாலை ஆள் ஒருவர் போன் செய்து படத்தைக் கேட்டபோது, காலண்டருக்கு என்று நினைத்து அண்ணன் சந்தோஷமாகக் கொடுத்திருக்கிறார். கூட்டம் தொடங்கியதும் முதல் வேலையாக அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நம் பகுதியின் பெருமை என்றார்கள். சால்வை போர்த்தினார்கள். கைதட்டல்.

அப்புறம் மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள்.

பில்டர் போட்டு எடுத்த படம் இது, கண்ணால் பார்த்தால் இப்படித் தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். அக்கா முன் வரிசையில் அதற்காகத்தான் காத்திருந்தார். அண்ணன் நன்றி என்றார், வணக்கம் என்றார், இறங்கிவிட்டார். அவரை நம்பி வந்திருந்த தெருவில் வேறு யாரும் எழுந்து பேசவில்லை. சால்வை போட்டவரை அங்கேயே எதிர்ப்பது உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று வளர்த்துவிட்டார்கள் நம்மை. அதெல்லாம் தெரிந்தும் எனக்கு அவர் மேல் கோபம்தான். இன்றைக்கும் தீரவில்லை.

வீட்டுக்கு வந்து அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், ஏன் சொல்லவில்லை என்று.

"சால்வ போட்டுட்டாங்களே பிலோமி. வாய் வர்ல."

அடுத்த வாரம் அவர் பில்டரைக் கழற்றிவிட்டு சனியை எடுத்தார். எதையும் பொறுக்கவில்லை, திருத்தவில்லை. பழுப்பாக ஒரு கறை விழுந்தது. இரண்டு படங்களையும் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு, கூட்டம் நடத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனோம். அக்காவும் பிடிவாதமாகக் கூட வந்தார். அலுவலகம் மூன்றாவது மாடியில். லிப்ட் ஓடவில்லை. அவரை ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு நாங்கள் ஏறினோம்.

அதிகாரி இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அண்ணன் கண்ணாடி விஷயத்தை நிதானமாக, நன்றாகத்தான் சொன்னார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"இது போகஸ் சரியில்லைங்க," என்று கறையைத் திருப்பிக் கொடுத்தார் அதிகாரி. "மொதல்ல எடுத்ததுதான் நல்ல படம்." கூட்டத்தின் அறிக்கை மேலே போய்விட்டது, எதிர்ப்பு பெரிதாக இல்லை என்று எழுதியாகிவிட்டது என்றும் சொன்னார்.

கீழே அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தார். "இன்னா சொன்னாரு?"

"எனக்குப் படம் எடுக்கத் தெர்லன்றாரு."

அக்கா ஆட்டோக் கம்பியைப் பிடித்து இறங்கினார். "இரு, நான் வர்றேன். அவரு எதுர நின்னு ரெண்டு மூச்சு இஸ்துக் காட்டறேன்."

தடுத்தும் கேட்கவில்லை. முதல் மாடி வருவதற்கு முன்பே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. மேலே போகிறவர்கள் ஒதுங்கி ஏறினார்கள். அண்ணன் ஒரு படி கீழே மண்டிபோட்டு, கையிலிருந்த இரண்டு சனியையும் சேர்த்துப் பிடித்து அவர் முகத்துக்கு விசிறிக்கொண்டே இருந்தார்.